கருமருந்துச் சுழல்துப்பாக்கியின் இரண்டாம் பிறவி

உலோகத் தோட்டா வழக்கத்துக்கு வரும் முன்பு, சுழலும் உருளையொன்றின் அறைகளில் மருந்தையும் ஈயக்குண்டையும் கையாலேயே கெட்டித்துச் சுடும் கைத்துப்பாக்கிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருவழக்காக இருந்தன. இவற்றுக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் கோல்ட். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று நியூஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சனில் அவர் நிறுவிய தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. எனினும் மெக்சிகோவுடன் மூண்ட போர் புதிய தேவையை உண்டாக்கியதால், 1847இல் அத்தொழில் மீண்டு ஹார்ட்ஃபோர்டில் நிலைபெற்றது. அங்கிருந்து வெளிவந்தவற்றுள் மிகுந்த புகழ் பெற்றது '1851 நேவி' என்னும் மாதிரி. ஆறு அறைகளும் எண்பட்டைக் குழலும் கொண்ட அதன் குழல் விட்டம், அதாவது காலிபர், 0.36 அங்குலம். டெக்சாஸ் கடற்படை 1843 மே 16 அன்று மெக்சிகோக் கப்பல்களோடு நடத்திய சண்டையின் காட்சி, ஆர்ம்ஸ்பி என்னும் செதுக்குக் கலைஞரின் அச்சைக்கொண்டு ஒவ்வோர் உருளையின் மீதும் உருட்டிப் பதிக்கப்பட்டது. 'நேவி' என்ற பெயரும் அக்காட்சியோடு தொடர்புடையதே.

1873இல் கோல்ட் நிறுவனமே உலோகத் தோட்டாவை ஏற்கும் புதிய மாதிரியை வெளியிட்டதோடு இவ்வகையின் காலம் முடிந்தது எனலாம். எஞ்சியவை சேகரிப்பாளர்களின் பெட்டிகளுக்கும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளுக்கும் சென்றன. பார்க்கக் கிடைத்த அவற்றைச் சுட்டுப் பார்க்கப் பெரும்பாலோர் துணியவில்லை. நூறாண்டு பழைய இரும்பு தாங்குமா என்பது ஒரு தயக்கம், தாங்கினாலும் அதன் மதிப்புக் குறையுமே என்பது மற்றொன்று. ஆகவே இக்கருவியின் உருவம் காப்பாற்றப்பட்ட அளவுக்கு அதைக் கையாளும் முறை காப்பாற்றப்படவில்லை. இக்குறையை நீக்கியவை அருங்காட்சியகங்கள் அல்ல, நகல்களே.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950களில், அப்போரின் படைப்பிரிவுகளைப் போலவே உடையணிந்து அக்காலத் துப்பாக்கிகளால் இலக்குச் சுடும் குழுக்கள் பெருகின. அசல் துப்பாக்கிகளின் விலை ஏறிக்கொண்டிருந்த அந்நாளில், நேவி ஆர்ம்ஸ் என்ற வணிக நிறுவனத்தை நடத்திய வால் ஃபோர்ஜெட், நகல் செய்யத்தக்க கைவினைஞர்களைத் தேடி வட இத்தாலிக்குச் சென்றார். பிரெஷா நகருக்கு வடக்கே கார்தோனே வால் திரோம்பியா என்னும் பள்ளத்தாக்கு ஊரில் அவர் கண்டவர்கள் கிரெகொரெல்லி, உபெர்த்தி ஆகியோர். அவ்வூர் தற்செயலாக வாய்த்ததன்று. அருகில் இரும்புத்தாதும், உலைத் துருத்தியை இயக்க ஆற்றுநீரும், கரிக்கு மரமும் கிடைத்ததால் குழல் செய்வது அங்கே தலைமுறைத் தொழிலாக வேரூன்றியிருந்தது. அவ்வூரில் துப்பாக்கி செய்துவரும் பெரெத்தா குடும்பத்தின் மூதாதை ஒருவர் 1526இல் வெனிஸ் நகர ஆயுதச்சாலைக்கு 185 குழல்கள் அளித்ததற்கு ஆவணம் உண்டு. நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட இக்கைப்பழக்கமே, வேறொரு நாட்டின் மறைந்துபோன துப்பாக்கியைச் சில ஆண்டுகளில் மீட்டெடுத்தது. 1959இல் தொடங்கிய உபெர்த்தி நிறுவனமும் அதன்பின் வந்த பியெத்தா நிறுவனமும் இன்றும் இத்துறையில் முன்னிற்கின்றன. 1971இல் கோல்ட் நிறுவனம் தன் பழைய நேவி மாதிரியை மீண்டும் விற்க முற்பட்டபோது, அதற்கான உறுப்புகளை இத்தாலியிலிருந்தே வரவழைத்தது.

நகலின் உண்மையான பயன் அதைக் கெட்டிக்கும்போதே விளங்கும். கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்ற அளவை ஒட்டிய கலவை. நேவியின் ஓர் அறைக்கு அது ஒன்றரை கிராமை ஒட்டிய அளவே வேண்டும். குதிரை எனப்படும் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தினால் உருளை தடையின்றிச் சுழலும். ஒவ்வோர் அறையிலும் மருந்தை அளந்து கொட்டி, அறையின் வாயைவிடச் சற்றே பெரிய ஈயக்குண்டை அதன்மேல் வைத்து, குழலின் அடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால், குண்டு இறுகி உள்ளே இறங்கும்போது அதன் விளிம்பிலிருந்து மோதிரம் போன்ற மெல்லிய ஈய வளையம் சீவப்பட்டு விழும். குண்டு அறையை முழுமையாக அடைத்துவிட்டது என்பதற்கு அவ்வளையமே சான்று. அதன்மேல் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பசை தடவப்படும். ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவிப் பல அறைகள் ஒருசேர வெடிப்பதைத் தடுக்கவும், படியும் கரியை இளக்கமாக வைத்திருக்கவும் அது உதவும். இறுதியாக, உருளையின் பின்புறம் நிப்பிள் எனப்படும் துளையுள்ள சிறு முளைகளில் குதிரை அடித்ததும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் செப்புக் கேப்புகள் பொருத்தப்படும். தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கியைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. அங்கே குழலின் வாய்வழி நடப்பதே இங்கே ஆறு அறைகளில் ஆறு முறை நடக்கிறது. சுட்டு முடித்த அன்றே வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி எண்ணெய் தடவாவிட்டால், படிந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரைவில் துருவேற்றும். ஆறு குண்டுகளுக்கு இத்தனை நேரமும் கவனமும் தேவைப்பட்ட காலத்தில் குதிரைவீரன் ஒருவன் ஏன் இரண்டு, மூன்று துப்பாக்கிகளைச் சுமந்தான் என்பதை எந்த ஏட்டையும்விட இவ்வேலை தெளிவாகக் கற்பிக்கிறது.

ஆயினும் நகல்கள் சொல்வதெல்லாம் வரலாறு அன்று. 0.44 அங்குல விட்டமுள்ள '1851 நேவி' இன்று தாராளமாக விற்கப்படுகிறது. அப்படியொரு துப்பாக்கியைக் கோல்ட் செய்ததே இல்லை. சில நகல்களில் காணப்படும் பித்தளைச் சட்டத்துக்கு மட்டும் மெய்யான முன்னோடி உண்டு. உள்நாட்டுப் போரின்போது எஃகுப் பஞ்சத்தில் தவித்த தென்மாநிலங்களில், ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில் என்ற ஊரில் பருத்தி அரவைப் பொறி செய்துவந்த ஆலையொன்று, நேவியைப் பின்பற்றிப் பித்தளைச் சட்டத்துடன் சுமார் 3,600 துப்பாக்கிகளைச் செய்தது. அவற்றின் குழல் எண்பட்டையாக இல்லாமல் உருண்டையாக இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 1864 நவம்பரில் வடபடையினர் அவ்வாலையை எரித்தனர். அத்துப்பாக்கியின் நகலைக் கையில் ஏந்துபவர் அதன் மஞ்சள் பளபளப்பை மட்டும் மெச்சிவிட்டு, அதைச் செய்த கைகளை மறப்பது முறையாகாது. பித்தளை எஃகினும் மென்மையானது என்பதால், மருந்தை மிகுதியாகக் கெட்டித்தால் சட்டம் நாளடைவில் இழுபட்டுத் தளரும்; பஞ்சத்தால் தோன்றிய இக்குறையும் நகலில் அப்படியே தொடர்கிறது.

சட்டத்தின் பார்வையில் இக்கருவிகளின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம், வழக்கமான தோட்டாவை ஏற்காத நகல்களையும் 1898 வரை செய்யப்பட்ட தொல்பொருள்களோடு சேர்த்தது. இங்கிலாந்தில் 1997இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டபோது, வாய்வழி கெட்டிப்பவை விலக்குப் பெற்று, உரிமச் சான்றிதழின்கீழ் தொடர்ந்து வைத்திருக்கத்தக்கவையாயின. இத்தாலியில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒற்றைக் குண்டு நகல்களுக்கே தளர்வு தந்தது. தாய்ப்பட்டறை நாட்டிலேயே சுழல்துப்பாக்கி நகலுக்கு உரிமம் கேட்கப்படுகிறது.

கார்தோனேயிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு நகலும் அங்குள்ள அரசுச் சோதனைச்சாலையில் சுட்டுப் பார்க்கப்பட்ட பின்னரே முத்திரை பெறும். அம்முத்திரையில் விண்மீன் குறிக்குக் கீழே உள்ள 'பிஎன்' என்ற எழுத்துகள் இத்தாலிய மொழியில் கருமருந்தைக் குறிப்பன. அருகிலுள்ள சிறு கட்டத்தின் குறியீடு ஆண்டைச் சொல்லும். 1945ஐ ஒன்றாகக் கொண்டு ரோமன் எண்களில் தொடங்கிய அக்கணக்கு 1975 முதல் இரட்டை எழுத்துகளுக்கு மாறியது. ரோமன் எண் தாங்கிய முதற்கால நகல்களையே இப்போது சேகரிப்பாளர்கள் தேடத் தொடங்கியுள்ளனர். ஹார்ட்ஃபோர்டில் நேவி செய்யப்பட்டது 1850 முதல் 1873 வரை ஏறத்தாழ 23 ஆண்டுகள். கார்தோனேயில் அது செய்யப்படத் தொடங்கி 60 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.