லாக்பேக் மடக்குக் கத்தியும் ஒருகைத் திறப்பும்

லாக்பேக் என்பது, விரித்ததும் அலகு பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தி வகைகளுள் ஒன்று. பூட்டு கைப்பிடியின் முதுகில் இருப்பதால் இப்பெயர் வந்தது. அங்குள்ள ஓர் எஃகுச் சட்டம், நடுவில் உள்ள ஆணியில் சீசாப் பலகை போல ஆடும். சட்டத்தின் பின்பகுதியை ஒரு வில் உந்துவதால், முன்முனை அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அலகு முழுதாக விரிந்ததும் முன்முனையிலுள்ள பல், அலகின் வெட்டில் விழுந்து பூட்டும். சட்டத்தின் பின்முனையைக் கட்டைவிரலால் அமுக்கினால் பூட்டு விடுபடும்.

மடங்கிய நிலையிலும் இதே வில்தான் அலகை உள்ளே பிடித்து வைக்கிறது. ஆகவே பழைய லாக்பேக்குகள் ஒரு கையால் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அலகிலுள்ள பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து, இரு கைகளாலும் திறப்பதே முறை.

இவ்வகையைப் பரவலாக்கியது, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இயங்கிய பக் நிறுவனம் 1964-இல் வெளியிட்ட 110 என்ற வேட்டைக் கத்தி. அலகு 3.75 அங்குலம், எடை சுமார் 200 கிராம். கைப்பிடியில் பித்தளை மிகுதி. அந்தக் கனமே ஒரு குறுக்குவழிக்கு இடம் தந்தது: அலகின் முதுகை இரு விரல்களால் கிள்ளிப் பிடித்துக் கையை உதறினால், கைப்பிடி கீழே விழுந்து கத்தி விரிந்துவிடும். புதுக் கத்தியில் இது கடினம். பல ஆண்டுகள் புழங்கி, உராயும் பகுதிகள் வழவழப்பாகி, அச்சாணி தளர்ந்த கத்தியில் எளிது. சிலர் கட்டைவிரலால் தள்ளுவதற்கு அலகில் ஒரு சிறு துணைப்பொருளையும் பொருத்திக்கொண்டனர். 1981-இல் ஸ்பைடெர்கோ நிறுவனத்தின் சால் கிளெசர், அலகிலேயே வட்டத் துளையிட்ட 'வொர்க்கர்' கத்தியை வெளியிட்டார். அதுவும் லாக்பேக்தான். பழகியவர்களின் கைவித்தையாக இருந்த ஒருகைத் திறப்பு அதில் வடிவமைப்பாகவே மாறியது.

இந்த எளிமை சட்டச் சிக்கலையும் கொண்டுவந்தது. பட்டன் கத்தி பற்றிய அச்சம் நிலவிய 1950-களில், 1958-இல், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அதன் வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. அதே காலத்தில் நியூயார்க் மாநிலம், புவியீர்ப்பாலோ மையவிலக்கு விசையாலோ திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தடை செய்தது. குறி வைக்கப்பட்டவை இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியப் பாராசூட் வீரர் கத்தி போன்றவை. ஆனால் நியூயார்க் நகரக் காவலர், கைப்பிடியைப் பிடித்து மணிக்கட்டை உதறிப் பார்த்தே சாதாரண மடக்குக் கத்திகளையும் சோதித்தனர். திறந்தால் குற்றம், ஓராண்டு வரை சிறை. கடையில் வெளிப்படையாக வாங்கிய கத்தியுடன் வேலைக்குப் போன தொழிலாளர்கள் பலர் கைதாயினர். சோதனையின் முடிவு காவலரின் மணிக்கட்டு வலுவையும் அச்சாணியின் தளர்ச்சியையும் பொறுத்தது என்பதே இதன் பெரும் குறை. வாங்கிய நாளில் தேறிய கத்தி, பத்தாண்டு கழித்துத் தேறாமல் போகலாம். அதை உரிமையாளர் அறிய வழியில்லை.

2009-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, எளிதாகத் திறக்கும் மடக்குக் கத்திகளையும் பட்டன் கத்தி வரையறைக்குள் கொண்டுவர முனைந்தது. நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, மூடிய நிலையிலேயே இருக்க முனையும் விசை கொண்ட கத்திகளுக்கு விலக்களித்தது. லாக்பேக்கின் வில் செய்வதும் அதுதான். நியூயார்க்கில் தீர்வு தாமதமானது. தடையைத் தளர்த்தும் மசோதாக்களை ஆளுநர் 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் நிராகரித்தார். 2019 மார்ச்சில், கைதான ஒரு சமையல் கலைஞர் தொடுத்த வழக்கில், அவர்மீது அச்சட்டத்தைப் பயன்படுத்திய விதம் தெளிவற்றது என்று கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு மே 30-இல் தடை நீக்கப்பட்டது.

நகர விதி மட்டும் தனியே நிற்கிறது. பொது இடத்தில் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள அலகு கூடாது. கத்தியை வெளியே தெரியும்படி அணிவதும் கூடாது. பக் 110-இன் அலகு அந்த அளவுக்குக் கால் அங்குலம் குறைவு.