தரப்பட்டியலும் மாதர் ஊதியமும்

வேலைத்தலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநீதி வேண்டுமென்று பேசுவோர் பெரும்பாலும் மனமாற்றத்தையே வலியுறுத்துகின்றனர். மனமாற்றம் வேண்டியதே. ஆயினும், நிறுவனத்தின் அமைப்பிலேயே ஏற்றத்தாழ்வு பதிந்துவிட்டால், நல்லெண்ணம் படைத்த நிர்வாகியும் அதனையே நாள்தோறும் நிறைவேற்றுபவராகிறார். இவ்வுண்மையை இங்கிலாந்தின் தொழில் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

லண்டன் மாநகரின் கிழக்கே டேகன்ஹாமில் போர்டு நிறுவனத்தின் மோட்டார் கார் தொழிற்சாலை நடைபெற்று வந்தது. 1967ஆம் ஆண்டளவில் அந்நிறுவனம் வேலைகளையெல்லாம் மதிப்பிட்டு, 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து தரங்களாகப் பகுத்தது. 'ஏ' கடைநிலை; 'ஈ' உயர்நிலை. காரின் ஆசனங்களுக்கு உறை தைத்த மாதர் 'பி' தரத்தில் வைக்கப்பட்டனர். அது தேர்ச்சி குறைந்த வேலைக்குரிய தரமாகும். ஆனால், தையற் சோதனையில் தேறிய பின்னரே அம்மாதர் வேலைக்கு எடுக்கப்பட்டிருந்தனர். ஆளெடுக்கும்போது தேர்ச்சியைக் கேட்ட நிறுவனம், ஊதியம் வழங்கும்போது அத்தேர்ச்சியைக் கணக்கில் கொள்ளவில்லை. அன்றியும், அதே 'பி' தரத்து ஆடவர் பெற்றதில் 85 விழுக்காடே மாதருக்குக் கிடைத்தது.

ஆகவே அங்கிருந்த அநீதி இருவகைப்பட்டது. ஒரே தரத்தில் இருவேறு ஊதியம் என்பது ஒன்று. அது எவர் கண்ணுக்கும் தெரிவது. வேலையின் தரமே தாழ்த்தி மதிப்பிடப்பட்டது என்பது மற்றொன்று. அது பட்டியலுக்குள் மறைந்து கிடப்பது.

1968 ஜூன் 7ஆம் நாள் 187 மாதர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உறையின்றி ஆசனம் இல்லை. ஆசனமின்றிக் காரை முடித்தனுப்ப இயலாது. உற்பத்தி முடங்கியது. மூன்று வாரங்களுக்குப் பின் அமைச்சர் பார்பரா காசில் அம்மையார் அவர்களை அழைத்துப் பேசினார். ஊதியம் ஆடவர் விகிதத்தில் 92 விழுக்காடாக உயர்ந்தது. 1970இல் பாராளுமன்றம் சம ஊதியச் சட்டத்தை இயற்றிற்று. 1975 டிசம்பர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது.

எனினும், மாதர் தொடக்கத்திலேயே கேட்ட 'சி' தரம் கிட்டவில்லை. ஏன்? ஒரேவிதமான வேலைகளையும், வேலை மதிப்பீட்டில் சமமெனக் கண்ட வேலைகளையுமே அச்சட்டம் ஒப்புநோக்கியது. மதிப்பீடே கோணலாக இருப்பின் சட்டம் என் செய்யும்? 1984இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்த பிறகே 'சி' தரம் கைகூடியது. முதற்போராட்டத்திற்கும் இவ்வெற்றிக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில், 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் விலைவீழ்ச்சியின்போது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. கூலி குறைந்தது, ஐந்துக்கு நான்கு என்ற விகிதம் மட்டும் குறையவில்லை! விடியுமுன் பெரட்டில் ஒன்றாக நின்றவர்களை, மாலையில் கணக்கேடு இரண்டாகப் பிரித்தது.

இன்று ஆண் கூலி, பெண் கூலி என்று எவரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. மலேசிய அரசியலமைப்பின் 8ஆம் விதியில் பால்வேற்றுமை கூடாதென்பதும் 2001இல் சேர்க்கப்பட்டது. ஆனால், மறைவான அநீதியைக் களைய அமைப்பையே திருத்த வேண்டும். உடல்வலிமைக்கு மதிப்பெண் இடுவோர், விரல்நுட்பத்திற்கும் இடையறாத கவனத்திற்கும் மதிப்பெண் இடவேண்டும். தரம் வகுக்கும் குழுவில் அவ்வேலையைச் செய்யும் பெண்களும் அமரவேண்டும். பட்டியல் யாவரும் காண வெளியிடப்பட்டு, குறித்த காலத்திற்கொருமுறை மறுஆய்வு செய்யப்படவேண்டும்.

நிர்வாகத்தாரும் தொழிற்சங்கத்தாரும் ஊதிய உயர்வைப் பற்றிப் பேச அமருமுன், தங்கள் தரப்பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.