வேகமா, உழைப்பா? சைக்கிள் டயரின் 130 ஆண்டுக் கணக்கு

நம் குடியிருப்பில் சில இளைஞர்கள் வார இறுதிகளில் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் போய் வருகிறார்கள். இதற்குப் பெயர் 'பிரெவே'. பந்தயம் கிடையாது, முதல் பரிசும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் தூரத்தை முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்கு 13½ மணி, 600 கிலோமீட்டருக்கு 40 மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் இந்த நேரத்துக்குள் அடக்கம். வழியில் உதவி வண்டி கூட வரக்கூடாது. ரிப்பேரை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவர்கள் கூடினால் தவறாமல் வரும் விவாதம் டயர் பற்றியது. மெல்லிய, இலேசான வேக டயரா? முள் தாங்கும் தடித்த டயரா? இந்தக் கேள்விக்கு 130 வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கெட்டி ரப்பரிலிருந்து காற்றுக்கு

ஆரம்ப கால சைக்கிளில் கெட்டி ரப்பர்தான் டயர். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 முதல் 1886 வரை, முன்சக்கரம் மிகப் பெரிதாக இருக்கும் சைக்கிளில் உலகைச் சுற்றினார். 1886-ல் நம் நாட்டில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை ஓட்டினார். கெட்டி ரப்பரில் பஞ்சர் என்ற பேச்சே இல்லை. ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும்.

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் 1845-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது அன்று மறந்துபோயிருந்தது. 1889-ல் வில்லியம் ஹ்யூம் என்ற வீரர் டன்லப் டயரோடு பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வென்றதும், எல்லோருக்கும் அந்த வேகம் வேண்டியதாயிற்று.

வேகத்தோடு ஒரு தொல்லையும் வந்தது. அந்த டயர் ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, காய வைக்கப் பல மணி நேரமாகும். ஊருக்குள் சுற்றும் பந்தயத்துக்கு அது பரவாயில்லை. நெடுந்தூரத்துக்கு ஆகுமா?

பாரிஸ் முதல் பிரெஸ்ட் வரை

1891 செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. சுமார் 200 பேர் கிளம்பினார்கள். ஷார்ல் டெரோன் மிஷலின் சகோதரர்களின் புதிய டயரில் வந்தார். அவருக்குப் போட்டியாக வந்த ஜியெல் லவால் டன்லப்பில் வந்தார். மிஷலின் டயரின் சிறப்பு, அதை ரிம்மிலிருந்து கழற்ற முடியும் என்பதுதான். பஞ்சர் பார்க்கும் வேலை மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கியது. டெரோன் 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். ஜியெல் லவால் வந்து சேர மேலும் சுமார் 8 மணி நேரம் ஆயிற்று.

டயர் மட்டுமே வெற்றிக்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஜியெல் லவால் தூங்கிய நேரத்தில்தான் டெரோன் அவரை முந்தினார். ஆனாலும் சீக்கிரம் ரிப்பேர் ஆவதும் வேகத்தில் சேர்த்திதான் என்று உலகம் தெரிந்துகொண்டது. அடுத்த ஆண்டு மிஷலின் நடத்திய பந்தயத்தில் சாலையில் ஆணிகளையே தூவி, எவ்வளவு சுலபமாக ஒட்டலாம் என்று காட்டினார்கள்!

அந்தப் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இன்றும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 90 மணி நேர வரம்போடு நடக்கிறது. நம் நாட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் போய் ஓட்டுகிறார்கள். அடுத்தது 2027-ல்.

கொங்கு நாட்டுத் தீர்ப்பு

1936-ல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் ஆலை வந்தது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கியது. நம் ஊர்களில் ஓடிய பெரிய சைக்கிளுக்கு 28 அங்குல, 1½ அங்குல அகல டயர். இன்றைய கணக்கில் 40 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் பால் கேன், பின் கேரியரில் தேங்காய் மூட்டை அல்லது நூல் கட்டு. இந்தச் சுமைக்கு வேறு டயர் நினைத்துப் பார்க்க முடியாது.

பாதையும் அப்படி. நான் காங்கேயம் பக்கம் கிளையில் வேலை பார்த்தபோது, கொறங்காடுகளைச் சுற்றிய கிளுவை வேலியைக் கழித்துவிடும் நாட்களில் வண்டித்தடமெல்லாம் முள்ளாகக் கிடக்கும். அதோடு நெருஞ்சி, வெள்ளைவேல், சீமைக் கருவேலம். வேக டயர் அங்கே ஒரு மைல் தாண்டாது.

மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடைகளை நினைவிருக்கிறதா? எடுத்துப்போகும் பையனுக்கு வேகம் வேண்டும். கடைக்காரருக்கு உழைப்பு வேண்டும். வண்டி நின்றால் நட்டம் கடைக்காரருக்கு, ஆகவே தடித்த டயர்தான் போடுவார். யார் பஞ்சருக்குக் காசு கொடுக்கிறாரோ அவரே டயரைத் தீர்மானிக்கிறார். பிரெவே ஓட்டுபவருக்கு நேரம்தான் காசு, கொடுப்பவரும் அவரே.

ஒரு சின்ன வரவு–செலவு

600 கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். தடித்த டயரில் மணிக்கு 22, வேக டயரில் 23 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முறையே 27 மணி 16 நிமிடம், 26 மணி 5 நிமிடம். வரவு 71 நிமிடம். இருட்டில் களைத்த கையோடு ஒரு பஞ்சர் பார்க்க 25 நிமிடம் என்றால், மூன்று பஞ்சரில் வரவு முழுதும் போய், 4 நிமிடம் கடனாகிவிடும். 200 கிலோமீட்டரில் வரவு 24 நிமிடம்தான். ஒரே பஞ்சர் அதைத் தின்றுவிடும்.

நல்ல செய்தி, இரண்டு கட்சிகளும் இப்போது நெருங்கி வருகின்றன. 1965-ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லார் இழையை டயருக்குள் பட்டையாக வைத்து, அதிக எடையில்லாமல் முள்ளைத் தடுக்கிறார்கள். அதிகக் காற்றில் கல் போல இருக்கும் டயர் கரடுமுரடான சாலையில் துள்ளித் துள்ளி சக்தியை வீணாக்குகிறது என்பதும் தெரிந்துவிட்டது. 20 ஆண்டுக்கு முன் 23 மில்லிமீட்டரில் ஓட்டிய பிரான்ஸ் பந்தய வீரர்களே இன்று 28-க்கும் மேல் போய்விட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு என் யோசனை இதுதான். அவிநாசி, சேலம் போகும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில், வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பிகள் கிடக்கும். முள்ளைவிட அவை மோசம். அதிகப் பாரம் தாங்குவதும் முதலில் தேய்வதும் பின்சக்கரம். எனவே பின்னால் உழைக்கும் டயர், முன்னால் கொஞ்சம் வேகமானது. இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப் கட்டாயம்.

கார் ஓட்டும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடியுமுன் நெடுஞ்சாலை ஓரத்தில் மின்னும் சட்டை போட்ட ஒருவர் குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தால், வேகத்தைக் குறைத்து, தள்ளிப் போங்கள். அவர் நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.