நாகேஷ்: முத்திரை வேடங்கள்

நடிகர் நாகேஷின் (1933–2009) முத்திரை வேடங்களை இணைப்பது உடல் சேட்டை அல்ல, இல்லாமையின் தவிப்பு. 'திருவிளையாடல்' (1965) தருமி ஆயிரம் பொற்காசுக்காகக் கோயிலில் தனியே புலம்புகிறான்; கை முறையிடுகிறது, கால் நிலைகொள்ளவில்லை, குரல் ஆசைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையே ஏறி இறங்குகிறது. சிரிக்கும்போதே அவனுக்குப் பரிசு கிடைக்க வேண்டுமே என்று நமக்குப் பதைக்கிறது. 'எதிர்நீச்சல்' (1968) மாது, மாடிப்படியின் கீழ் ஒண்டிக்கொண்டு குடித்தனக்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்து படிப்பவன்.

'காதலிக்க நேரமில்லை' (1964) செல்லப்பா பணக்கார வீட்டுப் பிள்ளையாயிற்றே எனலாம். ஆனால் படமெடுக்க அப்பாவிடம் காசுக்குக் கெஞ்சுபவன்தானே அவனும்! 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வைத்தி மட்டுமே உண்மையான விலக்கு. அங்கே அவர் பிறர் வாழ்வை விலைபேசும் தரகர். நாகேஷைச் சிரிப்பு நடிகர் என்று மட்டும் வகைப்படுத்துவது தவறு. தேசிய விருது அவருக்குக் கிடைத்ததும் 'நம்மவர்' (1994) படத்தின் துயர வேடத்துக்கே.