ரங்கன் வாத்தியார் பேசும் தமிழ்

2021இல் வெளியான 'சார்பட்டா பரம்பரை'யில் பசுபதி ஏற்ற ரங்கன் வாத்தியாரை நாம் கொண்டாடினோம். நெருக்கடிநிலைக் கால வடசென்னையின் குத்துச்சண்டை வாத்தியார் அவர். பேசுவது மெட்ராஸ் தமிழ். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. தமிழ்த் திரையில் இது சின்ன விஷயமல்ல தோழர்களே.

சமஸ்கிருத நாடகத்தில் அரசன் சமஸ்கிருதம் பேசுவான்; ஏவலரும் பெரும்பாலான பெண்களும் பிராகிருதம் பேசுவார்கள். யார் வாயில் எந்த மொழி என்பதே அங்கு படிநிலை. நம் மேடையும் திரையும் அதையே வேறு வகையில் தொடர்ந்தன என்கிறோம். நாயகனுக்கு மேடைத் தமிழ், ரிக்‌ஷாக்காரருக்கும் ரவுடிக்கும் மெட்ராஸ் பாஷை. அந்தப் பாஷையைத் திரையில் பிரபலமாக்கிய சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடியில் என்பது தனி வேடிக்கை. இன்னொரு வேடிக்கை, சேரிக் கெட்டவார்த்தை என்று முகம் சுளிக்கப்படும் 'கஸ்மாலம்' சமஸ்கிருதச் சொல். கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

நடிகருக்குக் குரல் பயிற்சி என்றால் ஒரு காலத்தில் சத்தமும் சுருதியும்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபா போன்ற கம்பெனிகளில் சிறுவர்கள் பாட்டையும் வசனத்தையும் மனப்பாடம் செய்தார்கள். மைக் இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் அவன் நடிகனே இல்லை. 1891இல் பம்மல் சம்பந்தம் தொடங்கிய சுகுண விலாச சபையோ படித்தவர்களின் சபை.

1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது வேறொரு வழி திறந்தது. நவீன நாடகம் எழுதிய அவர், நகரம் பாமரக் கலை என்று ஒதுக்கிய தெருக்கூத்தை, புரிசை கண்ணப்ப தம்பிரானிடமிருந்து கற்கத் தகுந்த நடிப்பு முறையாகப் பார்த்தார். கூத்துக் கலைஞர் விடிய விடியத் திறந்தவெளியில் சுழன்று ஆடிக்கொண்டே பாடுகிறார். தொண்டையை மட்டும் நம்பினால் நள்ளிரவைத் தாண்ட மாட்டார். அடிவயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும். உடம்பு வேறு குரல் வேறு அல்ல என்பதுதான் அங்கே பாடம். ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வேறு பாதையில் இதற்குப் பக்கத்தில் வந்தார். பாத்திரம் எந்தச் சூழ்நிலையில் நிற்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்று கேள், உணர்ச்சியைப் பிதுக்காதே என்றார்.

பசுபதி கூத்துப்பட்டறையில் பல ஆண்டுகள் பயின்றவர். ரங்கன் வாத்தியார் குரலை உயர்த்தாமலே கூட்டத்தை அடக்குவது அந்தப் பயிற்சியின் பலன். ஆனால் பயிற்சி மட்டும் இதைச் செய்திருக்காது. 'பேட்டை' நாவல் எழுதிய தமிழ்ப்பிரபா அந்தப் படத்தின் எழுத்தில் இருந்தார், பா. இரஞ்சித் இயக்கினார். அந்த மொழியை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்காதவர்கள் எழுதியதால்தான் நடிகருக்கு உண்மையாகப் பேச ஏதோ இருந்தது.

நடிக்கப் போகும் நம் ராயபுரம், திருவொற்றியூர் பிள்ளைகளிடம் இன்றும் இரண்டு விதமாகத்தான் கேட்கிறார்கள். "முதல்ல நாக்கைத் திருத்திக்கிட்டு வா" அல்லது "ஒரு ரவுடி மாதிரி மெட்ராஸ் பாஷை பேசிக் காட்டு." இரண்டுமே அவர்களின் சொந்தக் குரலைப் பறிப்பவை. துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்களின் பேச்சு அது. வாக்கியம் குறுகும், கடைசி எழுத்து விழுங்கப்படும், அழைப்பு மட்டும் நீளும். துட்டு டச்சுக்காரனிடமிருந்து வந்தது, நாஷ்டா உருதுவிலிருந்து. கப்பல் வந்த ஊரின் மொழி வேறெப்படி இருக்கும்?

காசிமேட்டில் நாங்கள் நடத்தும் சிறு நாடகக் குழுவில் வசனம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை கொடுக்கிறோம். வீட்டில் அம்மாவோ பாட்டியோ, அவர்கள் சம்மதத்தோடு, பேசுவதைப் போனில் பதிவு செய்து, மூச்சு எங்கே விழுகிறது என்று குறித்து வர வேண்டும். முதல் நாள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். மூன்றாம் நாள், மீன் விற்கும் பாட்டி விலை சொல்வதற்கு முன்னால் மூச்சை இழுக்கிறாரா, சொன்ன பிறகா என்று அவர்களுக்குள் சண்டை.