கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு: முதல்நிலை மருத்துவத்தில் கண்டறிதலும் கவனிப்பும்

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏடிஎச்டி) மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு குறைபாடு. உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. மரபுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு எடையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வளர்ப்பில் உள்ள குறையால் இது வருவதில்லை. 1902-இல் லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைத் தம் சொற்பொழிவுகளில் விவரித்தார்.

அறிகுறிகள்

கவனக்குறைவு மேலோங்கியது, மிகையியக்கமும் உந்துதலும் மேலோங்கியது, இரண்டும் கலந்தது என இது மூன்று வகைப்படும். பாடத்தைப் பாதியில் விடுவது, பென்சிலையும் நோட்டையும் தொலைப்பது, அழைத்தாலும் காதில் விழாததுபோல் இருப்பது முதல் வகையின் அடையாளங்கள். ஓரிடத்தில் உட்காராமை, கேள்வி முடியுமுன் பதில் சொல்வது, தன் முறைக்குக் காத்திருக்க முடியாமை ஆகியவை இரண்டாம் வகைக்கு உரியவை. வகுப்பில் அமைதியாக அமர்ந்து கவனம் சிதறும் குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்கள்.

கண்டறிதல்

இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. 2013-இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கோளாறு வகைப்பாட்டுக் கையேட்டின்படி, கவனக்குறைவு அல்லது மிகையியக்க-உந்துதல் பிரிவின் 9 அறிகுறிகளில் குறைந்தது 6 அறிகுறிகள் குழந்தையிடம் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அவை காணப்பட்டு, படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்க வேண்டும். மருத்துவரின் அறையில் குழந்தை அடங்கி உட்கார்ந்திருப்பது கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது. எனவே பெற்றோர், ஆசிரியர் இருவரின் கூற்றும் தேவை. இதற்குப் பயன்படும் வாண்டர்பில்ட் மதிப்பீட்டில் பெற்றோர் படிவத்தில் 55 கேள்விகளும் ஆசிரியர் படிவத்தில் 43 கேள்விகளும் உள்ளன. அறிகுறிக் கேள்விகளில் ‘அடிக்கடி’, ‘மிக அடிக்கடி’ என்ற விடைகள் மட்டுமே கணக்கில் சேரும்.

செவித்திறன், பார்வை, தூக்கம் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். சில நொடிகள் வெறித்துப் பார்க்கச் செய்யும் வலிப்பு, கற்றல் குறைபாடு, மனப்பதற்றம், குறட்டையோடு கூடிய தூக்க மூச்சடைப்பு ஆகியவையும் இதே தோற்றம் தரலாம். சில, கோளாறுடன் சேர்ந்தும் இருக்கலாம்.

சிகிச்சை

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதலின்படி, 6 வயதுக்குட்பட்டோருக்கு முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே தரப்பட வேண்டும். 6 வயதுக்கு மேல் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் பள்ளி உதவியும் சேர்ந்து அமைய வேண்டும். மெத்தில்பெனிடேட் முதல்நிலை மருந்து. அது ஒவ்வாதபோது அடோமாக்ஸெடின் போன்றவை பயன்படும். முன்வரிசை இருக்கை, சிறு பகுதிகளாகப் பிரித்த வீட்டுப்பாடம், உடனடிப் பாராட்டு ஆகியவை வகுப்பறையில் உதவும்.

தொடர் கண்காணிப்பு

மருந்து தொடங்குமுன் இதயநோய் குறித்த குடும்ப வரலாற்றைக் கேட்பது அவசியம். குறைந்த அளவில் தொடங்கி, பலனைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவது வழக்கம். பசியின்மையும் தூக்கக் குறைவும் பரவலான பக்கவிளைவுகள். ஆகவே உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு வருகையிலும் குறித்துவைக்க வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள், வலிப்பு அல்லது கடும் மனநலச் சிக்கல் உள்ளவர்கள், சிகிச்சைக்குப் பின்னும் முன்னேறாதவர்கள் ஆகியோரைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பலரிடம் அறிகுறிகள் வளர்ந்த பின்னும் நீடிப்பதால், இக்கோளாறு நீண்டகாலக் கவனிப்பு தேவைப்படும் நோயாகவே கருதப்படுகிறது.