எழுத்தாணி முதல் விசைப்பலகை வரை

எழுதுங் கருவிக்கு ஏற்ப எழுத்தின் நிலையும் மாறுபடும் என்பது தமிழ் எழுத்து வரலாறு காட்டும் உண்மையாகும். ஏட்டில் எழுதிய நம் முன்னோர், ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியிடாது விடுத்தனர். அதனால் மெய்யும் உயிர்மெய்யும் படிப்போனது பயிற்சியாலேயே வேறுபடுத்தி அறியப்பட்டன. இன்று ஓலையின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. வன்னிப் பெருநிலத்து அலுவலகங்களிற் பணிபுரியப் புகும் இளைஞர் எவ்விசைப்பலகையைப் பயிலல் வேண்டும் என்னும் வினாவும் இவ்வரலாற்றோடு இணைத்து நோக்கற்பாலதே.

தமிழெழுத்துக்கள் 247. ஆங்கிலத் தட்டெழுத்துப் பொறியின் எழுத்து விசைகளோ 50க்கும் குறைந்தவை. இவ்விடர்ப்பாட்டை நீக்க முயன்றவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து, சிங்கப்பூர் வணிக நிலையமொன்றில் இலிகிதராகப் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள். எழுத்துக்களை உறுப்புக்களாகப் பிரித்து, புள்ளி முதலிய குறிகளுக்கு நகரா விசைகளை அவர் அமைத்தார். குறியைப் பொறித்த பின்னும் உருளை நகராது நிற்க, அதன்கீழ் எழுத்து வந்து பொருந்தும். ஓலையில் மறைந்த புள்ளி, பொறியில் தனக்கென ஓரிடம் பெற்றது.

கணினி வந்தபின் இரு நெறிகள் தோன்றின. 1999 பெப்ரவரியிற் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டின் வழிவந்த தமிழ்99 விசைப்பலகை, எழுத்தின் ஒலியை அடிப்படையாகக் கொண்டது. உயிரெழுத்துக்கள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. இரண்டும் சேர உயிர்மெய் பிறக்கும். இஃது இலக்கண நெறி. நம் நாட்டில் வழங்கிய இரங்கநாதன் விசைப்பலகையோ எழுத்தின் வரிவடிவைப் பின்பற்றும் தட்டெழுத்து மரபினது. அதனைச் சிறு மாற்றங்களுடன் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் நாட்டின் நியமமாக ஏற்றது.

விசைப்பலகையினும் முக்கியமானது, தட்டிய எழுத்து எக்குறியீட்டிற் சேமிக்கப்படுகின்றது என்பதாகும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் உரோம எழுத்துக்களின் இடங்களிலேயே அமர்ந்துள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், 'கந்தையா' என்னும் பெயர் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகத் தோன்றும், தேடினும் அகப்படாது. 1991 முதல் தமிழையும் உள்ளடக்கிய ஒருங்குறியில் இக்குறை இல்லை. 2009இல் முடிந்த போரில் உறுதிகளையும் பிறப்புப் பதிவுகளையும் இழந்த குடும்பங்கள் வாழும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இது சிறு காரியமன்று. மீளப் பதியப்பெறும் பெயர் மீண்டுந் தொலைதல் தகுமோ?

ஆதலின் அரச அலுவலகப் பணியை நாடுவோர் நாட்டின் நியம விசைப்பலகையைப் பயில்க. புதிதாகத் தட்டெழுதத் தொடங்குவோர் தமிழ்99ஐயும் ஆராய்ந்து தெரிக. எதனைப் பயிலினும் ஒருங்குறியிலேயே எழுதுக.

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரிற் பொறியியற்பீடம் உண்டு. 2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. கணினித்துறையிற் புகுவார்க்கு ஊதியமும் பதவியும் வேண்டற்பாலனவே. ஆயினும், தொழிலின் நிறைவு அவற்றோடு முடிவதன்று. முத்தையா அவர்கள் பிறமொழிப் பொறியைப் பயன்படுத்தியதோடு அமையாது, அது தம்மொழிக்கு எவ்வாறு உதவும் என்று வினவினார். அவ்வினாவே ஓர் இலிகிதரைத் தமிழ்த் தட்டெழுத்தின் தந்தையாக்கியது.